கபாலி என்கிற ஷஃபியுல்லா

அஃப்சருன்னிசாவுக்கு ஆறு கணவர்கள் என்பது அவருக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு நான் பொறுப்பல்ல. மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவனுக்கு ஊரார் சமாசாரமெல்லாம் அச்சாகிச் சூடாகத்தான் கைக்கு வரும். ஆதார் திருத்தம், பட்டா நகல், கல்யாணப் பத்திரிகை, விவாகரத்து நோட்டீஸ் என்று தினமும் நூறு தாள் போகிறது. எல்லாவற்றையும் நான் படிப்பதில்லை. ஆனால் ஒரே பெண்மணிக்குக் கீழே கபாலி, சண்முகவேல், ஷஃபியுல்லா என்று கணவர்கள் வரிசையாக இறங்கி வந்தால் கண் தானாக நின்றுவிடும்.

“இன்னா தம்பி, மூஞ்சி ஒரு மாதிரி போவுது?” என்றார் அஃப்சருன்னிசா அக்கா. கவுண்டருக்கு வெளியே புடவை மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

“அக்கா, கபாலி யாரு?”

“நம்ம சூடாமணி வூட்டுக்காரரு. நொச்சிக்குப்பம். ஏன், அவருக்கு இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. சண்முகவேல்?”

“ஹம்சா புருஷன். இன்னாத்துக்கு ஒவ்வொருத்தரா கேக்குற?”

தாளை அவர் பக்கம் திருப்பி, விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். வங்கியில் கடன் கேட்டால் இப்போதெல்லாம் முதலில் இந்தக் கடன் அறிக்கையைத்தான் பார்க்கிறார்கள். யார் யாரிடம் எவ்வளவு வாங்கினீர்கள், ஒழுங்காகக் கட்டினீர்களா என்று எங்கோ ஒரு தகவல் நிறுவனம் கோப்பு வைத்திருக்கிறது. அந்தக் கோப்பின்படி அஃப்சருன்னிசாவுக்கு சூடாமணி, ஹம்சா, குல்ஷன் உட்பட வேறு பல பெயர்கள் உண்டு. அவர் ஐந்து வெவ்வேறு வருஷங்களில் பிறந்திருக்கிறார், ஐந்திலும் ஜனவரி முதல் தேதியில். கணவர்கள் ஆறு பேர்.

அக்கா மூட்டையைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

“அதுல எங்க வூட்டுக்காரர் பேரும் கீதுல்ல?”

“இருக்கு அக்கா. மூணாவதா.”

“மூணாவதாவா?” என்றார். மற்றதைவிட அதுதான் அவரைச் சுட்டது என்று எனக்குப் பட்டது.

அஃப்சருன்னிசா அக்காவை எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும். எங்கள் வீடு மயிலாப்பூரில், கடை இங்கே. தி.நகரில் பட்டுப்புடவை எடுக்கிறவர்கள் முந்தானையில் தொங்கும் குச்சு எங்கிருந்து முளைத்தது என்று யோசிப்பதில்லை. அக்கா மாதிரி நாலு பேர் முளைக்க வைப்பதுதான். பாண்டிபஜார் கடைகளிலிருந்து மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, இழை பிரித்து முடிந்து, மறுநாள் திருப்பிக் கொடுப்பார். கடைக்காரர்கள் கூலியை இழுத்தடித்தால் அவர் சண்டை போடமாட்டார். கல்லாவுக்கு எதிரே, வருகிற வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில், சும்மா நிற்பார். நின்றே வாங்கிவிடுவார். சண்டை போட்டு ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிற என்னைப் போன்றவனுக்கு அவரைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும்.

அவர் அப்போது குடியிருந்தது மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. ஒருவர் படியேறினால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கணவர் ஷஃபியுல்லா, அதாவது அசல் கணவர், சினிமா யூனிட் வேன் ஓட்டியவர். கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் அவரைத் தெரியாத டீக்கடை இல்லை. போன வருஷம் ஐப்பசி மழையில் வேன் கூரையிலிருந்து விளக்குப் பெட்டியை இறக்கும்போது வழுக்கி விழுந்தார். இடுப்பில் கம்பி வைத்தார்கள். வாக்கர் பிடித்துச் சமதரையில் நடக்கலாம், படி மட்டும் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸ் ஆட்கள் அவரை ஸ்ட்ரெச்சரில் மாடிக்கு ஏற்றினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. தலைகீழாகச் சாய்த்தார்கள், வேட்டி நழுவியது, கட்டடமே வாசலில் நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னது. மேலே கட்டிலில் போட்டதும் அவர் சொன்னது ஒன்றுதான். “இனிமே என்னைத் தூக்கி எறக்குறது ஒரே ஒரு தபாதான். அப்ப எனக்கு வெக்கம் தெரியாது.”

அதன் பிறகு அவர் கீழே வரவேயில்லை. பால்கனியில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்று, சந்துக்குள் வரும் வண்டிகளுக்கு வழி சொல்வதே வேலையாகிவிட்டது. “ஒடி, ஒடி, லெப்டுல ஒடி, ஆங், வா வா வா” என்று மூன்றாம் மாடியிலிருந்து குரல் வரும். தண்ணீர் லாரிக்காரன்கூட மேலே பார்த்து ஒரு சலாம் வைத்துவிட்டுத்தான் ரிவர்ஸ் எடுப்பான். எனக்கு அதைக் கேட்டால் முதலில் சிரிப்பு வரும், பிறகு வராது. ஊரெல்லாம் சுற்றிய மனுஷன்.

அந்தக் கட்டடத்திலேயே தரைத்தளத்தில் இருந்தவர்கள் காலி செய்தார்கள். வீட்டுக்காரர் அக்பர் பாஷா நல்லவர்தான், ஆனால் கணக்கு கணக்குதான். லீஸ் தொகையைக் கொடுத்தால் வீடு உங்களுக்கு, இரண்டு மாசம் பார்ப்பேன், அதற்குப் பிறகு வேறு பார்ட்டி காத்திருக்கிறது என்றார். பாதித் தொகை அக்காவின் கையில் இருந்தது. மீதிக்குத்தான் பாண்டிபஜார் பக்கத்து வங்கி, அந்த வங்கிக்குத்தான் அறிக்கை, அந்த அறிக்கையில்தான் ஆறு கணவர்கள்.

எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. அக்கா முன்பு ஒரு குழு லோனுக்குத் தலைவி. பத்துப் பெண்கள் சேர்ந்து வாங்குவது, வாராவாரம் அக்கா வீட்டில் கூடிக் கட்டுவது. எங்கள் மார்க்கெட்டில் ஒரு பழக்கம் உண்டு. தவணையில் மிக்சி வாங்கினாலும் சரி, அடுப்பு வாங்கினாலும் சரி, உனக்காக ஜாமீன் நிற்கிறவர் தன் வாக்காளர் அட்டை நகலைக் கொடுக்க வேண்டும். அதை உன் நகலுக்கு மேலே வைத்துப் பின் அடிக்க வேண்டும். மேலே இருப்பதுதான் மரியாதை. பத்துப் பெண்களும் அதே மரியாதையைக் கடன் கம்பெனிக்கும் செய்தார்கள். தலைவி அட்டை மேலே, தன் அட்டை கீழே. கம்பெனியின் களப்பணியாளர் மேலே இருந்ததைப் பார்த்தார், எண்ணை ஏற்றினார், அடுத்த விண்ணப்பத்துக்குப் போனார். எல்லோருக்கும் அக்காவின் அட்டை எண், அக்காவின் முகவரி, பகலில் வீட்டில் இருக்கும் போன் என்பதால் அக்காவின் போன் எண். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஆதாரில் ஜனவரி ஒன்று. நாலு பேர் கணவர் பெயருக்குப் பதில் அப்பா பெயர் கொடுத்தவர்கள். பத்துப் பெண்களைக் கம்ப்யூட்டர் ஒரே பெண்ணாக்கி அஃப்சருன்னிசா என்று பெயர் வைத்துவிட்டது.

இதில் ஒன்பது பேர் ஒழுங்காகக் கட்டியவர்கள். ஹம்சா மட்டும் பெரும்பாக்கத்துக்குக் குடிபோனதில் தவணை நின்றிருந்தது. அந்தக் கடனை முதல் கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு விற்றுவிட்டது. வாங்கிய கம்பெனி வசூலுக்கு மதிவாணனை அனுப்பியது.

மதிவாணன் விழுப்புரம் பக்கத்துப் பையன், கழுத்தில் அடையாள அட்டை, கையில் செயலி போட்ட போன். மிரட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது, ஏழு மணிக்கு மேல் கதவு தட்டக் கூடாது என்று பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒருத்தரையும் மிரட்டத் தெரியாத முகம் அவனுக்கு. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றவன் முதலில் தண்ணீர் கேட்டானாம்.

“ஹம்சா மேடம் நீங்கதானே?”

“நான் அஃப்சருன்னிசா. ஹம்சா பெரும்பாக்கம் போயிடுச்சி.”

“இல்ல மேடம், ரெக்கார்டுல ரெண்டும் நீங்கதான். எப்பவாவது ஹம்சாவா இருந்திருக்கீங்களா?”

“எப்பவாவதுன்னா இன்னா தம்பி, நாயித்துக்கெழமையிலயா?”

அவன் செயலியைக் காட்டினான். கடன்காரரைச் சந்தித்தபின் நாலு பொத்தானில் ஒன்றை அழுத்த வேண்டும். கட்டிவிட்டார். கட்டுவதாகச் சொன்னார். வீட்டில் இல்லை. கட்ட மறுக்கிறார். ஆளே இவரில்லை என்பதற்குப் பொத்தான் கிடையாது. யோசித்து யோசித்து “வீட்டில் இல்லை” என்று அழுத்தினான், அக்கா அவனுக்கு டீ ஆற்றிக்கொண்டிருக்கும்போதே. வீட்டில் இல்லை என்று போட்டால் மறுவாரமும் வரவேண்டும் என்பது செயலியின் சட்டம். வந்தான். மறுபடி அவர் வீட்டில் இல்லை என்று அவர் வீட்டிலேயே உட்கார்ந்து பதிவு செய்தான்.

ஷஃபியுல்லாவுக்கு இதில் ஒரே கொண்டாட்டம். மாசக்கணக்கில் மூன்று மாடி ஏறி அவரைப் பார்க்க வந்த ஒரே ஆள் இந்த வசூல்காரன்தான். செவ்வாய்க்கிழமை காலையிலேயே பால்கனியில் நின்று, “இன்னிக்கு நம்ம மதி வருவான், பிஸ்கட் வாங்கி வை” என்பாராம். அவன் வந்ததும், “வா வா, நான் எத்தினியாவது புருஷன்னு பாத்துச் சொல்லு” என்பார். அவன் வெட்கப்பட்டு, “மூணு சார்” என்பான். கடன் வசூலுக்கு வந்தவனை வழி மேல் விழி வைத்துக் காத்திருந்து வரவேற்ற குடும்பம் சென்னையில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாள் ஓடிக்கொண்டிருந்தது. பெரும்பாக்கம் போய் ஹம்சாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். ஹம்சா கெட்டவள் இல்லை. புதுக் கம்பெனிக்கு எங்கே கட்டுவது என்று தெரியாமல் விட்டவள். மிச்சப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு மதிவாணன் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவன் ஹம்சாவின் அட்டை எண்ணைச் செயலியில் தட்டினான். இப்படி ஒருவர் எங்கள் வாடிக்கையாளர் இல்லை என்றது.

“நான்தான்பா கடன்காரி. துட்ட வாங்கிக்கோ.”

“உங்க கிட்ட வாங்க முடியாது மேடம். நீங்க சம்பந்தமில்லாத ஆளு. ஹம்சா மேடம் அக்கவுண்ட்ல ஹம்சா மேடம்தான் கட்டணும்.”

“நான்தானே ஹம்சா.”

“ரெக்கார்டு படி ஹம்சா இவங்க,” என்று அக்காவைக் காட்டினான். சொல்லிவிட்டு அவனே தலையில் கையை வைத்துக்கொண்டான். கடைசியில் ஹம்சா பணத்தை அக்காவிடம் கொடுத்து, அக்கா ஹம்சாவாகக் கட்டினார். மதிவாணன் முதல் தடவையாக வேறு பொத்தானை அழுத்தினான். அந்த ரசீதில் ஹம்சா என்று கையெழுத்து போடுமுன் அக்கா பேனாவை இரண்டு தடவை கீழே வைத்தார் என்று ஹம்சா பிறகு என்னிடம் சொன்னாள். தன் பெயரில் இல்லாத கையெழுத்தை வாழ்க்கையில் அவர் போட்டதில்லை.

கடன் தீர்ந்தாலும் கோப்பு தீரவில்லை. வங்கியில் தமிழ்நிலா என்ற அதிகாரி, சின்ன வயசு, நல்ல மாதிரி, அறிக்கையைப் பார்த்துவிட்டு இதைச் சரிபண்ணாமல் ஒரு ரூபாய் தர முடியாது என்றாள். நானே உட்கார்ந்து தகவல் நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். பத்துப் பெண்களிடமும் கடிதம் வாங்கி, அட்டைகளை இந்தத் தடவை அவரவர் அட்டை மேலே இருக்கும்படி பின் அடித்து, ஸ்கேன் செய்து ஏற்றினேன். பதில் வர ஒரு மாசம் ஆகும் என்று திரை சொன்னது. அக்பர் பாஷா கொடுத்த தவணையில் அதற்கு மேல் சில நாட்களே மிச்சமிருந்தன. அந்த மாசம் முழுக்க அக்கா தினமும் கடைக்கு எதிரே வந்து சும்மா நின்றார். எனக்கே குற்றம் செய்த மாதிரி ஆகிவிட்டது.

பதில் வந்தது. பிரமாதமாக வந்தது. பெயர் ஒன்றே ஒன்று, அஃப்சருன்னிசா. பிறந்த தேதி ஒன்று. பாக்கி எதுவும் இல்லை. ஸ்கோர் எனக்கே இல்லாத ஸ்கோர். கணவரும் ஒருவர்தான். கபாலி.

தகவல் நிறுவனத்தின் உதவி எண்ணைப் பிடித்தேன். பாட்டு கேட்டு, எண் அழுத்தி, மறுபடி பாட்டு கேட்டு, ஒரு பெண் குரல் வந்தது.

“கரெக்ஷன் சக்சஸ்ஃபுல்லா முடிஞ்சிருக்கு சார்.”

“புருஷன் பேர் தப்பா இருக்கும்மா.”

“பல பேர் இருந்தா, அதிக தடவை ரிப்போர்ட் ஆன பேரை சிஸ்டம் எடுத்துக்கும் சார்.”

“புருஷனுக்கு ஓட்டு எண்ணினீங்களா?”

“ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்,” என்றாள். மறுபடி பாட்டு. நான் போனை மேஜை மேல் போட்ட வேகத்தில் அதன் கண்ணாடி விரிசல் விட்டது. அந்தச் செலவையும் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

சூடாமணி நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கூடை கொண்டுவந்து எங்கள் மார்க்கெட்டில் விற்கிறவள். வலைக்கு, ஐஸ் பெட்டிக்கு, வண்டிக்கு என்று வருஷா வருஷம் குழுவில் கடன் வாங்கி, நாள் தவறாமல் கட்டியவள். ஒவ்வொரு தடவையும் கணவர் பெயர் கபாலி என்று ஏறியிருக்கிறது. பெரும்பான்மை கபாலிக்கு.

அக்காவோடு நானும் வங்கிக்குப் போனேன். தமிழ்நிலா அறிக்கையைப் பார்த்து முதலில் மலர்ந்தாள், பிறகு ஆதாரைப் பார்த்துச் சுருங்கினாள்.

“இங்க கபாலி, அங்க ஷஃபியுல்லா. திரும்பப் புகார் போட்டா இன்னும் ஒரு மாசம் ஆகும்மா.”

“அதுக்குள்ள வூடு போயிடும்,” என்றார் அக்கா.

தமிழ்நிலா பேனாவை மூடித் திறந்தாள். “இன்னொரு வழி இருக்கு. ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு நோட்டரி கிட்ட அஃபிடவிட் வாங்கிட்டு வாங்க. பேர் யாருடையதோ அவரே நேர்ல போய்க் கையெழுத்து போடணும்.”

“ரெண்டு பேரும் ஒருத்தர் இல்லியேம்மா.”

“அதை என்கிட்ட சொல்லாதீங்க. எனக்குக் காது கேக்கல.”

அக்கா இந்தத் தடவை நின்று பார்க்கவில்லை. நின்று வாங்குகிற விஷயம் இல்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது. பஸ் ராயப்பேட்டை தாண்டியதும், “அவர் கிட்ட நீயே சொல்லு தம்பி,” என்றார்.

நான் மூன்று மாடி ஏறிச் சொன்னேன். ஷஃபியுல்லா பாய் விழுந்து விழுந்து சிரித்தார். இடுப்பு வலிக்கும், சிரிக்காதீங்க என்று அக்கா அதட்டினார்.

“கபாலியா? அவன் பேரு எத்தினி தபா ஏறிக்கீது?”

“எட்டு தடவை பாய்.”

“என் பேரு?”

“ஒரு தடவை.”

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அக்காவைப் பார்த்தார். “நீதானே தலைவி. நீ ஏன் ஒரு லோனுக்கு மேல எடுக்கல?”

அக்கா குச்சு முடிந்துகொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார். “உங்க சம்பளம் பத்துச்சு. எடுக்கல.”

பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கவே கூச்சமாக இருந்தது. ஒரு தடவைக்கு மேல் கடன் வாங்காமல் குடும்பம் நடத்த முடிந்த ஒரே காரணத்துக்காக ஒரு மனுஷன் தன் பெண்டாட்டியின் கோப்பில் தோற்றுப்போயிருக்கிறான். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. பாய் இந்தப் பக்கம் திரும்பி, “கீழ எறங்கணும், அதானே?” என்றார். நோட்டரியை வீட்டுக்கே அழைத்துவர முடியுமா என்று நான் முன்னமே கேட்டிருந்தேன். மயிலாப்பூரில் ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு எதிரே குடை போட்டு உட்காரும் அந்தப் பெரியவர், தனக்கும் முட்டி வலி, மூன்று மாடி ஏறுவதாக இல்லை என்றார்.

“கபாலியைக் கூப்புடு,” என்றார் பாய்.

மறுநாள் காலை, படகு வந்து மீன் இறக்கிய கையோடு கபாலி வந்தார். கறுத்த, அகலமான மனுஷன். தோளில் நைலான் கயிறு. சூடாமணி விஷயத்தைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். ஷஃபியுல்லா அவரை மேலும் கீழும் பார்த்தார். கபாலியும் பார்த்தார். ஒரே பெண்மணிக்குக் கணவர்களாகப் பதிவானவர்கள் முதல் முறை சந்திக்கும்போது என்ன பேசுவது என்பதற்கு யாரிடமும் முறை இல்லை.

“வெக்கமா கீது கபாலி,” என்றார் பாய் கடைசியில்.

“இன்னா வெக்கம்? கெவுருமெண்டு பேப்பர்ல நீதான் நானு, நாந்தான் நீயி. என்னை நானே தூக்கினு எறங்கறதுக்கு வெக்கம் இன்னாத்துக்கு பாய்?”

அரசாங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். பிளாஸ்டிக் நாற்காலியில் பாயை உட்காரவைத்து, படகில் பெட்டி கட்டுகிற மாதிரி இடுப்புக்கும் மார்புக்கும் கயிறு போட்டார் கபாலி. செவ்வாய்க்கிழமை ஆதலால் மதிவாணனும் வந்து சேர்ந்தான். கடன் முடிந்து வாரங்கள் ஆகியிருந்தன, பழக்கத்தில் வந்திருக்கிறான். அவன் நாற்காலியின் முன்கால்களைப் பிடித்துப் பின்புறமாக இறங்கினான். மேலிருந்து முழு பாரத்தையும் கபாலி வாங்கினார். நான் வாக்கரைத் தூக்கிக்கொண்டு, எல்லோரையும் அதட்டிக்கொண்டு வந்தேன். ஸ்ட்ரெச்சர் திரும்பாத அந்த இரண்டாம் மாடித் திருப்பத்தில் பாய் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கபாலி நாற்காலியைச் சாய்க்கவில்லை. தலைக்கு மேல் தூக்கி, கைப்பிடிச் சுவருக்கு மேலாகச் சுற்றி, சத்தமில்லாமல் இறக்கினார். வாசலில் நின்று பார்த்த பெண்கள் யாரும் யோசனை சொல்லவில்லை.

நாற்காலியிலிருந்து கழற்றிய கயிறு இடுப்பிலேயே இருக்க, பாயை ஆட்டோவில் ஏற்றி மயிலாப்பூர் போனோம். வழியெல்லாம் பாய் டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார். டிரைவர் பொறுமைசாலி. அஃபிடவிட்டை நானே டைப் செய்திருந்தேன். வீட்டில் ஷஃபியுல்லா என்றும் வெளியில் கபாலி என்றும் அழைக்கப்படும் நபர் நானே, இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று. பொய்தான். சட்டப்படி சுத்தப் பொய். உண்மையைப் பத்துக் கடிதமாக எழுதி அனுப்பி அது செல்லாமல் போனதைப் பார்த்தவனுக்கு அதை அடிக்கும்போது விரல் கூசவில்லை. நோட்டரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

“பேரு?”

“ஷஃபியுல்லா.”

“இந்தக் கபாலி?”

பாய் நோட்டரியின் குடையைப் பார்த்தார். “அதுவும் நான்தான்.”

“ஆமா சார்,” என்றார் பின்னால் நின்ற கபாலி.

நோட்டரி நிமிர்ந்தார். “நீங்க யாரு?”

கபாலி ஒரு கணம் முழித்தார். தன் பெயரைச் சொல்ல முடியாத இடத்தில் அவர் நின்றதில்லை. “நானு சும்மா, இவரைத் தூக்கினு வந்தவன் சார்,” என்றார்.

முத்திரை விழுந்தது. கயிற்றை அவிழ்க்காமலே பாய் கையெழுத்து போட்டார். திரும்பி வந்து மறுபடி மூன்று மாடி ஏற்ற வேண்டியிருந்தது. தரைத்தளத்து வீடு பூட்டிக் கிடந்ததைப் பாய் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே மேலே போனார். அக்பர் பாஷாவின் கெடு முடிவதற்கு முன் வங்கிப் பணம் வந்துவிட்டது. தமிழ்நிலா போன் செய்து, “திரு. கபாலி எப்படி இருக்கார்?” என்று விசாரித்தாளாம். அக்கா, “நல்லா கீறார்மா,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாமிச மார்க்கெட் பக்கம் கூட்டமாக இருந்த ஒரு காலையில், கடை ஷட்டரை முக்கால்வாசி ஏற்றியிருந்தேன். இரும்புச் சத்தம் கேட்டது. வாக்கர். சந்து முனையிலிருந்து, நாலு அடிக்கு ஒரு தரம் நின்று, ஆட்டோக்களைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, ஷஃபியுல்லா பாய் தனியாக நடந்து வந்தார். சலவைச் சட்டை, மேல்பாக்கெட்டில் பேனா. அவரைக் கீழே, அதுவும் நின்ற நிலையில் பார்த்து எவ்வளவு காலமாயிற்று. எனக்குக் கண் கலங்கியது, ஒளித்துப் பிரயோசனமில்லை.

“எங்க பாய் கிளம்பிட்டீங்க? டீக்கடைக்கா?”

“உங்கிட்டதான் தம்பி. அந்தப் புகாரைத் திரும்பப் போடு.”

“எந்தப் புகாரு?”

“அவ புருஷன் பேரு தப்பா கீதுன்னு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்போதுதான் எல்லாம் அடங்கியிருக்கிறது, மறுபடி கையை வைத்தால் ஸ்கோர் என்ன ஆகும், எத்தனை பேர் புதிதாக முளைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது என்றேன். கபாலி பெயரில் அஃபிடவிட் வேறு கொடுத்திருக்கிறீர்கள் என்று ஞாபகப்படுத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“வூடு வந்துடுச்சில்ல. இனிமே என் பேரு வரணும். நீ போடு.”

நான் சிஸ்டத்தைத் திறந்தேன். தகவல் நிறுவனத்தின் பக்கம் மெதுவாகத் திறந்தது. எந்த விவரம் தவறு என்று கேட்டது. கணவர் பெயர் என்று தேர்ந்தெடுத்தேன். காரணம் எழுதுங்கள் என்று ஒரு கட்டம் வந்தது.

“காரணம் கேக்குது பாய். என்ன எழுதட்டும்?”

பாய் வாக்கரின் மேல் இரண்டு கையையும் ஊன்றி, திரையை உற்றுப் பார்த்தார். “முப்பத்திரண்டு வருஷமா அவ ஆக்கிப்போட்டதைத் துன்னவன் நானுன்னு எழுது.”

அப்படியே எழுதினேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. அனுப்பு என்று அழுத்தினேன். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது, சுற்றிக்கொண்டே இருந்தது.

“இது போக நேரமாகும் பாய். வெயில் ஏறுது, நீங்க வீட்டுக்குப் போங்க. போனதும் சொல்றேன்.”

அவர் என் ஸ்டூலைக் காலால் இழுத்து, பார்த்து மெதுவாக உட்கார்ந்தார்.

“போவட்டும் தம்பி, நான் உக்கார்றேன். எனக்கு இன்னா அவசரம், வூடு கீழதானே கீது.”